உன் பெயரை எடுக்க மாட்டேன்

இன்று காலை ஒரகடம் கூட்ரோட்டில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். ஷிப்ட் முடித்த பெண் ஒருத்தி பக்கத்தில் வந்து நின்றாள். உதிரிபாகங்கள் துருப்பிடிக்காமல் இருக்கப் பூசுகிற எண்ணெயின் வாசனை அவள் மேல் அடித்தது. எந்த சோப்புக்கும் அடங்காத அந்த வாசனை ஒரு காலத்தில் உன் கையிலும் இருந்தது, என் கையிலும் இருந்தது. எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. இப்போதெல்லாம் உன்னை நினைத்தால் அதுதான் முதலில் வருகிறது.

ஜப்பான் கம்பெனியின் பேக்கிங் பிரிவில் நாம் வேலை பார்த்தபோது, வெளிநாட்டுக்குப் போகிற ஒரு சின்ன சென்சாருக்கு மட்டும் தனியாக ஒரு தாள் கேட்பார்கள். இது கடைசியில் யார் கைக்குப் போகிறது, எதற்குப் பயன்படும் என்று அதில் எழுத வேண்டும். மற்றவர்கள் பெட்டிமேல் ஒட்டிவிட்டுப் போய்விடுவார்கள். நீதான் சூப்பர்வைசரைப் பிடித்துக்கொண்டாய்.

“வண்டில வெக்கிற சாமானுக்கு இன்னாத்துக்கு சார் இவ்ளோ கேள்வி?”

“வண்டில வெக்கிறத ஏவுகணைலயும் வெக்கலாம்மா. பேசாம ஒட்டு.”

நீ ஒட்டினாய். ஆனால் பேசாமல் இருக்கவில்லை. அன்று பஸ்ஸில் வீடு வரும்வரை அதையேதான் பேசினாய்.

கம்பெனி நடத்திய ஜப்பானிய வகுப்பில் இருவரும் தேறியிருந்தோம். விடுமுறை நாட்களில் சென்னைக்குப் போய் சர்வதேச உறவுகளில் எம்.ஏ. படித்துக்கொண்டிருந்தோம். கல்லூரிப் பலகையில் ஓர் அறிவிப்பு ஒட்டினார்கள். சர்வதேசப் பாதுகாப்பு பற்றி மாணவர்கள் ஆய்வு செய்ய ஓர் உதவித்திட்டம். இருவர் சேர்ந்தும் செய்யலாம், ஆனால் வெளிநாட்டு ஆவணங்களை அந்த நாட்டு மொழியிலேயே படித்தாக வேண்டும். அந்தக் கடைசி வரியைப் பார்த்துப் பலர் விலகிப் போனார்கள். நீ அதைப் பார்த்துத்தான் நின்றாய். “மொழி தெரிஞ்சிருக்கணும்னு போட்டுகிறான். நமக்குத்தான் தெரியுமே, அப்புறம் இன்னா?”

அந்த சென்சார்தான் நம் ஆய்வு. காருக்கும் ஆயுதத்துக்கும் பொதுவான பாகங்களை வெளியே விற்பதற்கு ஜப்பான் என்ன கட்டுப்பாடு வைக்கிறது, அதைப் பற்றி அவர்கள் நாடாளுமன்றத்தில் என்ன பேசிக்கொண்டார்கள் என்று தேடிப் படித்தோம்.

படிக்கிற முறையை லைனிலிருந்தே கொண்டுவந்தாய். அங்கே ஒரு பாகத்தைச் சோதித்தால், விரலால் அதைச் சுட்டி, வாய்விட்டு “யோஷி” என்று சொல்ல வேண்டும். சரி என்பதற்கு அவர்கள் சொல்கிற சொல் அது. ஒருத்தி மொழிபெயர்த்தால் மற்றவள் மூலத்தை விரல் வைத்துப் படித்து “யோஷி” சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் அந்த வாக்கியம் அறிக்கைக்குள் வராது. கம்பெனி பஸ்ஸில் நாம் இப்படிக் கத்திக்கொண்டு வந்ததைப் பார்த்துப் பின்சீட்டு அண்ணன் ஒருநாள் கேட்டார்.

“இன்னாம்மா, பேப்பருக்கும் இன்ஸ்பெக்‌ஷனா?”

“ஆமாண்ணா, ஒங்க மூஞ்சிக்கும் பண்ணட்டா? ரிஜெக்ட் ஆயிடும்.” நீ திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பஸ்ஸே சிரித்தது.

ஒரு வாக்கியத்துக்கு நீ யோஷி சொல்ல மறுத்தது நினைவிருக்கிறது. ஜப்பான் அமைச்சர் ‘தடை செய்வதைப் பரிசீலிக்கிறோம்’ என்றுதான் சொல்லியிருந்தார். நான் ‘தடை செய்கிறோம்’ என்று எழுதிவிட்டேன். ஓ.டி. பார்த்த அலுப்பு, “வுடுடி, பெரிய வித்தியாசமா?” என்றேன். “வுட்டா நாளைக்கு எவனாச்சும் அத்த நம்பி எழுதுவான்டி” என்று பேனாவை என் கையில் திணித்தாய். இறங்குகிறவரை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் திருத்தினேன்.

கடைசி அத்தியாயம் பாதியில் இருந்தபோது உனக்குக் காய்ச்சல் வந்தது. டெங்கு என்று தெரிந்தபோது எல்லாம் கைமீறிப் போயிருந்தது. மணிமங்கலத்தில் உங்கள் தெருமுனையில் கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸ் வைத்தார்கள். உன் பெயருக்குக் கீழே ‘ஆராய்ச்சி மாணவி’ என்று போடச் சொன்னவர் உன் அப்பா. “கம்பெனிக்குத்தான போய்கினு இருந்திச்சி, இதெல்லாம் இன்னாத்துக்கு?” என்றார் உன் சித்தப்பா. “அது படிச்சிகினு இருந்திச்சி. போடு” என்று அப்பா முடித்துவிட்டார்.

ஃப்ளெக்ஸ் கடைக்காரர் மறுபேச்சுப் பேசாமல் அடித்துக் கொடுத்தார். உதவித்திட்ட அலுவலகத்துக்குத்தான் உன் பெயரைப் போட முடியவில்லை. ஒருங்கிணைப்பாளர் போனில் மெதுவாகத்தான் பேசினார். “இறந்தவங்களை ஆய்வாளரா காட்ட விதியில இடமில்லம்மா. உங்க பேர்ல மட்டும் அனுப்புங்க. நன்றியுரையில அவங்களைப் பத்தி ரெண்டு வரி எழுதிடலாம்.”

“காப்பி போட்டுக் குடுத்தவங்களுக்கு நன்றி சொல்லலாம் சார். அவ எழுதியிருக்கா.”

“அவங்க பேரும் இருந்தா உங்களுக்குச் சான்றிதழ் தர முடியாது. யோசிச்சுக்கோங்க.”

யோசித்தேன். அந்தச் சான்றிதழ் இருந்தால்தான் முனைவர் படிப்புக்கு இடம் உறுதி. செத்தவளுக்காக இருக்கிறவள் வாழ்க்கையைக் கெடுத்துக்கொள்ளலாமா என்று என் வீட்டில் கேட்டார்கள். உன் அப்பாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். உன் படத்தின் தூசியைத் துண்டால் துடைத்தார். “ஒனக்கு நல்லது நடக்கும்னா அது பேர எடுத்துடும்மா. நான் ஒண்ணியும் தப்பா நெனைக்க மாட்டேன்” என்றார். அவர் சண்டை போட்டிருந்தால் ஒருவேளை எடுத்திருப்பேன். அப்படிச் சொன்ன மனிதருக்கு எதிரில் எப்படியடி எடுப்பேன்?

இரண்டு பெயரோடும் அனுப்பினேன். உன் பெயர்தான் முதலில். கடைசி அத்தியாயத்தின் கீழே, இந்தப் பகுதி இரண்டாவது ஆளால் சரிபார்க்கப்படவில்லை என்று ஒரு வரி சேர்த்தேன். அதை எழுதும்போதுதான் வாய்விட்டு அழுதேன்.

சான்றிதழ் வரவில்லை. முனைவர் படிப்புக்கான இடமும் கைநழுவியது. மறுபடி விண்ணப்பித்திருக்கிறேன், வேறொரு பல்கலைக்கழகத்தில். முந்தைய ஆய்வு என்ற இடத்தில் நம் அறிக்கையையும் நம் இரண்டு பெயரையும் எழுதினேன். நேர்காணலில் கேட்பார்கள், கேட்கட்டும். நீ இல்லை என்று யார் சொன்னாலும் தலையாட்டிவிடுவேன், உன்னைக் கொண்டுபோனபோது கூட நடந்தவள் நான். நீ இதை எழுதவில்லை என்று மட்டும் என் வாயால் சொல்ல வைக்க எவராலும் முடியாது.