கிழியாத இலை

மலாக்காவின் காஜா பேராங்கில் உன் வீட்டுக்குள் நுழைந்ததுமே சாம்பிராணியும் சம்பால் காரமும் சேர்ந்து மூக்கில் ஏறின. இன்று போகி. மலாய் பேசும் உங்கள் மலாக்காச் செட்டி வீடுகளில் இறந்தவர்களுக்குப் பார்ச்சுப் படையல் வைக்கும் நாள். இந்த வருடம் உனக்கும் ஓர் இலை. "ஆபா டியா சூக்கா?" என்று உன் அம்மா என்னைக் கேட்டார். உனக்கு என்ன பிடிக்கும் என்று நான் எதைச் சொல்ல?

உன் அப்பாவின் படையலன்று நீ செய்த கூத்து நினைவிருக்கிறதா? சிங்கப்பூரில் கணிதம் படித்துவிட்டு வந்த புதிது. இலையைத் தூக்கிப் பிடித்து, எந்த இரண்டு புள்ளியை இணைத்தாலும் கோடு உள்ளேயே கிடந்தால் அது குவிகணம் என்று மலாயில் விளக்கினாய். பிறகு ஓரத்தைக் கிழித்து, "இப்போ கோடு வெளியே போகுது பார்" என்றாய். உன் அம்மா அகப்பையோடு வந்தார். நீ என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாய். அடி எனக்குத்தான் விழுந்தது.

ஜாலான் பெண்டஹாராத் துணிக்கடையில் துணி கிழித்துக் கொடுக்கிறவன் நான். இருந்தும் நீ விடை தேடிக்கொண்டிருந்த கேள்வியைக் காதுகொடுத்துக் கேட்க மலாக்காவில் என்னை விட்டால் உனக்கு ஆளில்லை. குவிகணத்துக்குள் பூஜ்யத்தைத் தாண்டாமல், வெளியே அளவுமீறி வளராமல் இருக்கும் சார்புகளில் எல்லாவற்றுக்கும் மேலே நிற்பது உச்சச் சார்பு. அது ஒரே உயரத்தில் இருக்கும் இடங்களை இணைத்து வேலி போட்டால், வேலிக்குள் இருப்பதும் குவிந்ததா? கலப்பெண் மாறி ஒன்றென்றால் சரி, இரண்டானால் பிடி நழுவுகிறது என்பாய். நான் விழிப்பேன். "லு டெங்கார் சஜா லா" என்று சிரிப்பாய். சும்மா கேட்டாலே போதுமாம்.

ஆஸ்பத்திரியில் மட்டும் அது போதவில்லை. சன்னலுக்கு வெளியே மெர்டேக்கா சுதந்திர தினத்துக்கு விளக்குக் கட்டிக்கொண்டிருந்தார்கள். இருமலுக்கு நடுவே என் கையைப் பிடித்து, "என் கணக்குல எங்கே தப்புன்னு மட்டும் சொல்லுடா" என்று கெஞ்சினாய். எனக்கு என்ன தெரியும்? உன் நெஞ்சை டாக்டராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. தலைமாட்டில் டாக்டரும் நானும் கையைப் பிசைந்துகொண்டு நின்றோம்.

இந்த மடலைத் தமிழில்தான் எழுதுகிறேன். உனக்கு ஓர் எழுத்துக்கூடப் படிக்கத் தெரியாது. எனக்கு வேறு வழி தெரியவில்லை.

உன் இலையின் ஓரம் கிழிந்திருந்தது. மாற்றச் சொன்னேன். தமிழர் சாஸ்திரம் போலிருக்கிறது என்று எண்ணி, உன் அம்மா மறுபேச்சில்லாமல் முழு இலை போட்டார். பிறகு நீ வந்து சாப்பிடுவதற்காகக் கதவைச் சாத்திவிட்டு எல்லாரும் வெளியே நின்றோம். கதவோரம் குனிந்து உன் கேள்வியை முதலிலிருந்து கடைசி வரை சொன்னேன். இன்னும் விளங்கவில்லையடா. ஆனால் ஒரு சொல்கூட விட்டுப்போகவில்லை.