எண்பது பெருக்கல் குறிகள்

ரிஃபானாவின் அத்தா அவர்களுக்கு குல்சார் எழுதுவது. ஸலாம். ஒவ்வொரு தொழுகையிலும் முதலில் உங்கள் உடம்பு நன்றாக இருக்கத்தான் கேட்கிறேன்.

நேற்று சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு நம் வீட்டில் இருந்தவர்கள்: நான், நம் ரிஃபானா, அவளுடைய கெமிஸ்ட்ரி டீச்சர் ஜானகியம்மாள், டீச்சருக்கு வழி காட்ட வந்த வகுப்புத் தோழி ஜனனி. நான்கே பேர். வேறு யாருக்கும் விஷயம் தெரியாது.

போனில் சொல்ல முடியவில்லை. இருப்பது ஒரே போன், பேசும்போது அவளும் பக்கத்திலேயே இருப்பாள். உங்கள் கம்பெனி கந்தப்பன் அண்ணன் லீவு முடிந்து நாளை எத்தியோப்பியாவுக்குக் கிளம்புகிறார். அவரிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன்.

ரிஃபானா மூன்று நாளாகப் பள்ளிக்கூடம் போகவில்லை. பப்ளிக் பரீட்சைக்குப் பன்னிரண்டு நாள்தான் இருக்கிறது. கெமிஸ்ட்ரி எழுத மாட்டாளாம். வேலம்பாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங்குக்கு ஆள் எடுக்கிறார்கள், போய்விடுகிறேன் என்கிறாள். உங்கள் சாயப்பட்டறைப் பேச்சைக் கேட்டே வளர்ந்தவள். அந்தப் பாடத்தைத்தான் ஆசையாகப் படித்தாள். அதுதான் விசாரிக்க டீச்சரே வீடு தேடி வந்துவிட்டார்.

காரணம் நான்தான்.

இரண்டு மாதமாக தினமும் மக்ரிப் தொழுகைக்குப் பிறகு நான் கேள்வி கேட்பேன், அவள் பதில் சொல்வாள். ஆறாவதோடு நின்றவள் நான், உங்களுக்குத் தெரியும். கைடில் விரலை வைத்து எழுத்துக்கூட்டியே கேட்பேன். ஒரு வார்த்தை மாறினாலும் பெருக்கல் குறி. அவளுக்குக் குர்ஆன் ஓதக் கற்றுக்கொடுத்தபோது ஓர் எழுத்து பிசகினாலும் திரும்பச் சொல்ல வைத்தேனே, பரீட்சைக்கும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டேன். வீட்டுக் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் தேதி போட்டு, அவள் சொன்னதை அப்படியே எழுதி, பக்கத்தில் குறியும் போட்டு வைத்திருந்தேன். நூற்று நாற்பத்தாறு கேள்வி. எண்பது தப்பு.

டீச்சர் நோட்டை வாங்கிப் பக்கம் பக்கமாகப் பார்த்தார். தாங்கல் கரைசல் என்றால் என்ன என்று ஒரு கேள்வி. கொஞ்சம் அமிலம் விழுந்தாலும் காரம் விழுந்தாலும் பி.எச். அதிகம் மாறாமல் சமாளித்துக்கொள்ளும் கரைசல் என்று சொல்லியிருந்தாள். கைடில் ‘எதிர்க்கும்’ என்று இருந்தது. இவள் ‘சமாளிக்கும்’ என்றாள். அது நீங்கள் சொல்லிக்கொடுத்த வார்த்தையாம். அதற்கும் ஒரு பெருக்கல் போட்டிருக்கிறேன்.

ஏனுங்க, இது சரியான பதிலுங்க, நல்லாப் புரிஞ்சுதான் சொல்லியிருக்கா என்றார் டீச்சர். நீங்க பேப்பர் திருத்துனா எங்க கிளாஸ்ல ஒருத்தியும் பாஸாக மாட்டமுங்க என்று ஜனனி சிரித்தாள். டீச்சரும் சிரித்தார். ரிஃபானா சிரிக்கவில்லை. டீச்சர் எண்ணிப் பார்த்ததில் உண்மையான தப்பு பதினொன்றுதான்.

அவர்கள் போன பிறகு என்னை மன்னித்துவிடு கண்ணு என்றேன். இல்லீங்கம்மா, நீங்க புக்கப் பாத்துத்தான போட்டீங்க என்றாள். கைடை மூடி வைத்துவிட்டு ஒரு கேள்வி கேட்டேன். சொல்ல வாயைத் திறந்தவள் என் கையிலிருந்த பென்சிலைப் பார்த்தாள். அப்படியே நிறுத்திவிட்டாள். அவளுக்குப் பதில் தெரியும். எனக்கு அது நன்றாகத் தெரிந்தது.

அதனால் ஒன்று கேட்கிறேன். தாங்கல் கரைசல் என்றால் என்னவென்று ஒரு தாளில் உங்கள் பேச்சிலேயே எழுதி, படம் எடுத்து அனுப்புங்கள். கைடு பக்கமே போக வேண்டாம். பட்டறையில் பையன்களுக்குச் சொல்வீர்களே, அந்த மாதிரியே இருக்கட்டும். போன் அவள் கையில்தான் இருக்கும், அவளே எனக்குப் படித்துக் காட்டுவாள். நான் அவள் முன்னால் உட்கார்ந்து அதை நோட்டில் எழுதி, பக்கத்தில் டிக் போடுவேன். அந்தக் குறியை அவள் பார்க்க வேண்டும்.

அல்லாஹ் உங்கள் கண்ணையும் கையையும் நல்லபடியாக வைத்திருக்கட்டும். வெயிலில் அலையாதீர்கள்.

நாள் குறைவாக இருக்கிறது. சீக்கிரம் பதில் போடுங்கள்.

உங்கள்
குல்சார்