ஊசிக்குப் பயந்த தங்கை

அக்கா,

நேற்று அம்மா பீரோவின் மேலிருந்து உன் கறுப்புக் குடையை எடுத்துத் தந்தாள். விரித்ததும் துருவும் பழைய துணியும் கலந்த வாசனை வந்தது. அதோடு நீ முகத்தில் தடவும் களிம்பின் வாசனையும் கொஞ்சம். இரண்டு வருடமாக அதை யாரும் தொடவில்லை.

டவுண் ரதவீதியில் சாயங்கால வெயிலுக்குக்கூட இந்தக் குடையைப் பிடித்துக்கொண்டுதான் நடப்பாய். வெற்றிலைக் கடைக்காரர் விடமாட்டார். "என்ன தாயி, மழை உங்களுக்கு மட்டும் பெய்யுதா?"

"ஆமா அண்ணாச்சி. நீங்க நனையாம கடைக்குள்ளயே இருங்க" என்பாய். வெயில் பட்டால் உன் கன்னம் சிவந்து தடித்துவிடும் என்று அவரிடம் சொல்ல முடியாது. உடம்பின் காவலே உடம்பைத் தாக்குகிற லூபஸ் என்ற நோய் உனக்கு இருப்பது நம் வீட்டு நான்கு பேருக்கும் டாக்டருக்கும் மட்டும்தான் தெரியும்.

"ஏன் சார் எனக்கு மட்டும்?" என்று டாக்டரிடம் நீ ஒரே ஒரு தடவை கேட்டாய். பரம்பரையில் வருவது நோய் இல்லை, அதற்கு இடம்கொடுக்கும் தன்மைதான். அதுவும் எல்லா மக்களிடமும் ஒன்றுபோல் இருக்காது என்றார். "வெள்ளைக்காரங்க ரத்தத்துல என்ன பார்க்கணும்னு புத்தகத்துல இருக்கு. அதே இங்கயும் பொருந்துமான்னு தெரியல. நம்ம ஊர் ஆட்களைப் பார்த்தவங்க குறைவு."

நீ சிரித்தாய். "அப்ப திருநெல்வேலியில இருந்து அல்வா மட்டுந்தான் வெளியூர் போயிருக்கு."

உன் ரத்தத்தோடு என் ரத்தமும் வேண்டும் என்றார். ஒரே தாய் தகப்பனுக்குப் பிறந்தும் நோய் வராதவளை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமாம். வீட்டில் அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. "ஆஸ்பத்திரியில இவ பேரும் ஏறிச்சுன்னா, இவளுக்கும் அதுதான்னு சொல்லிருவாக. நாளைக்கு எவன் பொண்ணு கேட்டு வருவான்?" நான் வாய் திறக்கவில்லை. அப்பாவுக்காக மட்டுமில்லை, எனக்கும் அந்தப் பயம் இருந்தது.

மறுதடவை டாக்டர் முன்னால் நான் தலைகுனிந்து நின்றபோது நீதான் சொன்னாய்: "அவ ஊசியக் கண்டாலே மயங்கி விழுந்துருவா சார். விட்டிருங்க." டைபாய்டு வந்தபோது எனக்கு நாலு தடவை ரத்தம் எடுத்ததும், நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்ததும் பக்கத்தில் நின்ற உனக்குத் தெரியும். திரும்பும்போது பஸ்ஸில், "ஏட்டி, மூஞ்சிய நிமித்து. எனக்கு ஒண்ணும் கோவம் இல்ல" என்றாய். கோபப்பட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

நோய் சிறுநீரகத்தில் இறங்கி நீ போன பிறகு, கேட்டவர்களிடமெல்லாம் மஞ்சள்காமாலை என்றோம். நானும் சொன்னேன். வரும் வெள்ளிக்கிழமை என்னைப் பெண் பார்க்க வருகிறார்கள். அக்கா எதில் போனாள் என்று மாப்பிள்ளையின் அம்மாவும் கேட்பார். இந்தத் தடவை அந்தப் பதில் எனக்கு வாயில் வராது. நோயின் பெயரையே சொல்லப் போகிறேன், அதற்கு முன் ரத்தம் கொடுக்கப் போகிறேன் என்று நேற்றுக் காலையில் அப்பாவிடம் சொன்னேன். அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு வாசலுக்குப் போனார். அம்மாதான் ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினாள். "வெயிலா இருக்கு. இதக் கொண்டு போ."

வண்ணார்பேட்டையில் பஸ் மாறிப் போனேன். டாக்டருக்கு என்னை உடனே அடையாளம் தெரிந்தது. உன் ரத்தம் இன்னும் பத்திரமாக இருக்கிறது என்றார். ஒப்பிட்டுப் பார்க்க நாளாகும், பார்த்தாலும் பதில் கிடைக்கும் என்று சொல்ல முடியாது என்றார். பிறகு கட்டிலைக் காட்டினார். "படுத்துக்கோங்கம்மா. ஊசின்னா மயங்கிருவீங்கன்னு அக்கா சொன்னாங்க."

நான் அவரைத் திருத்தவில்லை. குடையைக் கால்மாட்டில் வைத்துவிட்டு, நீ சொன்னபடி பயந்தவளாகவே படுத்துக் கையை நீட்டினேன்.