இடது கைக்கு எந்த நிப்பு

டிசம்பர் 6, சனி

காலையிலிருந்து தூறல். மேகம் கடை வாசல்வரை வந்து நிற்கிறது. தைத்து முடிக்க வேண்டியவை: டீச்சரம்மா சுடிதார், பள்ளிக்கூடச் சட்டை இரண்டு, ஒரு சேலைக்கு ஃபால்ஸ். எதையும் தொடவில்லை. பேனா வந்துவிட்டது.

கூரியர்காரர் காவலூர்வரை ஏற மாட்டார். ஆலங்காயத்தில் வாங்கித் தன் ஜீப்பில் போட்டு வேலு கொண்டுவந்தார். (தை மாதம் எனக்கும் அவருக்கும் கல்யாணம். எழுதும்போதே சிரிப்பு வருகிறது. முப்பத்துநான்கு வயதில்!) எப்போதும்போலக் கடை ஜன்னல் வழியாக நீட்டினார்.

"இன்னா இது, உள்ள கடகடன்னுது?"

"பேனாங்க. மூணு."

"ஒண்ணு பத்தாதா?"

ஷேர் ஜீப்பில் உட்கார்ந்திருந்தவர்கள் சத்தம் போட்டார்கள். ஓடிவிட்டார்.

மூன்றுமே மலிவுப் பேனா. ஒரே பிளாஸ்டிக் உடம்பு, மூடி மட்டும் வேறு வேறு நிறம். முனை உருண்டையாக இல்லாமல் உளிபோலத் தட்டை. 1.1, 1.5, 1.9 மில்லிமீட்டர். கீழே இழுத்தால் பட்டை, பக்கத்தில் இழுத்தால் இழை. இதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். துணியில் டெய்லர் சாக்பீஸ் வைத்து நான் தினமும் செய்வது இதுதான்.

எதற்கு இவ்வளவு? வேலு வீட்டு வழக்கம். கல்யாணப் பத்திரிகை அச்சுக்குப் போகும் முன் ஒன்றைக் கையால் எழுதி, நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, குலசாமி முன்னால் வைக்க வேண்டும். மார்கழி பிறப்பதற்குள். நானே எழுதுகிறேன் என்று சொல்லியாகிவிட்டது. இந்த ஊரில் என் கையெழுத்துக்கு மேல் ஒரு கையெழுத்து கிடையாது. தற்பெருமை இல்லை. தகவல்.

டிசம்பர் 7, ஞாயிறு

கடை லீவு. மழையும் லீவு, மதியம்வரை.

சோதனை. மூன்றிலும் 'திருமண அழைப்பிதழ்'.

1.9 – 'ண' உள்ளே சுழி எல்லாம் அடைத்துக் கறுப்பு உருண்டை. மை குடிக்கிறது. பஸ்ஸுக்குப் போர்டு எழுதலாம். தள்ளுபடி.

1.5 – தலைப்புக்கு அழகு. சின்ன எழுத்தில் நெரிசல்.

1.1 – ஊர், பேர், முகூர்த்த நேரம் எல்லாவற்றுக்கும் இதுதான். ஆனால் தாளைக் கீறுகிறது.

கீறுவதற்குக் காரணம் தெரியும். நான் இடது கை. மற்றவர்கள் பேனாவை இழுக்கிறார்கள், நான் தள்ளுகிறேன். தட்டை நிப்பைத் தள்ளினால் அதன் மூலை குத்தும். தாளை வலப்பக்கம் நன்றாகச் சாய்த்து, கையை வரிக்குக் கீழே வைத்துப் பார்த்தேன். பாதி சரி. நகம் தேய்க்கும் அட்டையின் மிருதுவான பக்கத்தில் நிப்பின் மூலையை லேசாக உரசினேன். முழுக்கச் சரி! வெண்ணெய். கையில் மை ஒட்டவும் இல்லை.

பேப்பர்: பேட்டர்ன் வெட்டும் காகிதத்தில் மை பரவுகிறது. திருப்பத்தூரில் வாங்கின கெட்டி மஞ்சள் தாளில் நிற்கிறது.

அம்மா காய் நறுக்கிக்கொண்டே: "மொத்தமா எழுதுனா இன்னா, மெல்லிசா எழுதுனா இன்னா? சாமி கண்ணாடியா போட்டுக்கினு படிக்கப்போவுது?"

டிசம்பர் 8, திங்கள்

அத்தை (வேலு அம்மா) கடைக்கு வந்தார்கள். வேலுதான் அழைத்து வந்தார். ஒரு தூக்கு புளி கொண்டுவந்தார்கள். நல்ல புளி. என் கடைக்குள் அவர்கள் வருவது இதுதான் முதல் தடவை. டீ வாங்கிக் கொடுத்தேன். எழுதிக் காட்டு என்றார்கள். ஆசையாக உட்கார்ந்தேன். இரண்டு எழுத்துகூட முடியவில்லை.

"ஏம்மா, பீச்சாங்கையிலயா எழுதுவ?"

"ஆமாங்க அத்த."

"அது ஆவாதுமா. சாமிக்குப் போறதாச்சே. இத்த மட்டும் சோத்தாங்கையில எழுதிடு, இன்னா?"

கோபமாகச் சொல்லவில்லை. அன்பாகத்தான் சொன்னார்கள். அன்பாகச் சொன்னால் பதில் சொல்வதுதான் கஷ்டம். நான் வேலுவைப் பார்த்தேன். வேலு வாசலில் ஜீப் டயரைப் பார்த்துக்கொண்டு நின்றான். நின்றான் என்றுதான் எழுதுவேன். இன்று மரியாதை கிடையாது.

பத்திரிகையை யார் எழுதினால் என்ன, குடி முழுகிவிடாது. அது இல்லை விஷயம். நாளைக்கு அந்த வீட்டில் என்னை யார் என்ன சொன்னாலும் இவன் இப்படித்தான் டயரைப் பார்ப்பானா? அது எனக்குத் தெரிய வேண்டும். தாலி ஏறும் முன் தெரிய வேண்டும்.

டிசம்பர் 9, செவ்வாய்

தூறல். பட்டன் வாங்கவும். 40 நம்பர் நூல், வெள்ளை.

வலது கையில் எழுதிப் பார்த்தேன், ஒரே ஒரு வரி. கோழி கிளறிய குப்பை. கிழித்துப் போட்டேன்.

மதியம் வேலு போன்.

"நீ உன் கையிலயே எழுதிடு. சோத்தாங்கையில எழுதுனதா அம்மாவாண்ட சொல்லிக்கலாம். யாருக்குத் தெரியப்போவுது?"

"எனக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியும். எழுதுறதே சாமிக்கு, அதுக்குத் தெரியாதா?"

"இப்ப இன்னா பண்ணச் சொல்ற?"

"நீங்க உங்கம்மாவாண்ட பேசுங்க. நான் பேசுனா, வர்றதுக்கு முன்னயே வாயாடின்னு பேராயிடும்."

"சும்மா ஒரு பத்திரிகைக்கு..."

"சும்மாதாங்க. அதான் இப்பவே கேக்கறேன். பெருசா ஒண்ணு வந்தா எப்படி இருப்பீங்கன்னு அப்பத் தெரிஞ்சு இன்னா பண்றது?"

போன் கட்டானது. டவர் போனதா, அவரே வைத்தாரா, தெரியவில்லை.

சாயங்காலம் ஃபால்ஸ் வாங்க வந்த அக்கா. வீட்டுக்காரருக்குத் தொலைநோக்கியில் நட்சத்திரம் பார்க்கும் இடத்தில் வேலை. "வானம் தெறக்கல. மனுசன் வூட்லயே குந்திக்கினு என் சமையல்ல குத்தம் கண்டுபுடிக்குது. எப்பதான் இந்த மேகம் போவுமோ!" சிரித்தேன். இரண்டு நாளில் முதல் சிரிப்பு.

டிசம்பர் 10, புதன்

ஜீப் இரண்டு தடவை போனது. நிற்கவில்லை.

நான் தயார். மஞ்சள் தாளில் பென்சில் கோடு போட்டாகிவிட்டது. தலைப்பு 1.5, மற்றதெல்லாம் 1.1. மை கறுப்பு வேண்டாம், நீலம். பேனாவைக் கழுவி, துடைத்து, நிரப்பி வைத்திருக்கிறேன். ஒரு வரிகூட எழுதவில்லை.

அம்மா: "வுட்டுக்குடுத்துப் போயேன்டி. ஒருநாள் கூத்துக்கு."

"எல்லாத்துலயும் வுட்டுக்குடுக்கறேம்மா. இதுல முடியாது."

அம்மா என் தட்டில் இன்னொரு கரண்டி சாமைச் சோறு வைத்தாள்.

பயமா? கொஞ்சம். நின்றுபோன கல்யாணத்தைப் பற்றி ஊர் எப்படிப் பேசும் என்று தெரியும். வேலுவைப் பிடித்தும் இருக்கிறது, அதுதான் தொல்லை. ஆனாலும் வலது கையில் எழுத மாட்டேன்.

டிசம்பர் 12, வெள்ளி

வெயில்! நல்ல வெயில். துணிகள் எல்லாம் வெளியே.

பதினொரு மணி இருக்கும். ஜீப் சத்தம். ஜன்னலைப் பார்த்தேன், யாரும் இல்லை. வேலு வாசல் வழியாக உள்ளே வந்து, மெஷின் பக்கத்தில் நின்றார். கையில் ஒரு பை.

"பேசிட்டேன்."

"இன்னா பேசுனீங்க?"

"நேத்து அம்மா பச்ச ஜாக்கெட் போட்டுக்கினு இருந்துச்சு. போன பொங்கலுக்கு நான் துணி கொண்டாந்து உங்கிட்டத் தைக்கக் குடுத்தேனே, அது. இதப் போட்டுக்கினுதான சாமிக்குப் பொங்க வெச்ச, இது எந்தக் கை வெட்டுனதுன்னு கேட்டேன்."

எனக்கு இது தோன்றவே இல்லை. நாள் முழுக்கக் கத்தரி பிடிப்பவள் நான். இவ்வளவு பேசத் தெரிந்த எனக்குத் தோன்றாதது, டயரைப் பார்த்துக்கொண்டு நிற்கிற மனிதருக்குத் தோன்றியிருக்கிறது.

"அத்த இன்னா சொன்னாங்க?"

"தையலத் தடவிப் பாத்துச்சு. அப்புறம் கழட்டிக் குடுத்துச்சு. அக்குள்ல இறுக்குதாம். அந்தக் கையாலயே பிரிச்சுவுடச் சொல்லுச்சு."

பையிலிருந்து பச்சை ஜாக்கெட்டை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

பிரித்துவிடுகிறேன் அத்தை. முதலில் பத்திரிகையை எழுதிவிட்டு வருகிறேன்.