மூன்று நாள் மாத்திரை

நவம்பர் 4, காலை 7.10

அக்கா,

அப்பாவின் வயிற்று நீரில் வெள்ளை அணுக்கள் 1,840. இருநூற்றைம்பதைத் தாண்டினாலே தொற்றாம். எத்தனை மடங்கென்று நீயே வகுத்துக்கொள்.

நேற்று மதியம் சேர்த்தேன். கல்லீரல் சுருங்கியவர்களுக்கு வயிற்றில் தேங்கும் நீரில் கிருமி புகுந்தால், அடுத்து சிறுநீரகம் கையை விரித்துவிடுமாம். ஊசி மருந்து ஆரம்பித்துவிட்டார்கள். நாளை மறுநாள் மறுபடி நீரெடுத்துப் பார்ப்பார்கள். எண் கால்வாசியாவது இறங்கியிருக்க வேண்டும். என்ன கிருமி, எந்த மருந்துக்கு அடங்கும் என்று வளர்த்துப் பார்த்துச் சொல்ல நாலு நாள். நாலு நாள்! தொழிற்சாலையில் ஒரு பிரஷர் மீட்டரை நான் இருபது நிமிடத்தில் சரிபார்த்துக் கொடுக்கிறேன். டாக்டரம்மா அதுவரை கேள்வியாகக் கேட்டுத் துளைக்கிறார்.

அப்பா நர்ஸிடம், "ஒரு சொட்டு குடிக்காதவன் நான். என் வயித்துல நாலு லிட்டர் வெச்சிருக்கேன், பாத்துக்கம்மா" என்றார். வார்டே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தம்பி


நவம்பர் 5

அன்புள்ள தம்பிக்கு,

எண்ணெல்லாம் எழுதினாய். அப்பா சாப்பிட்டாரா, தூங்கினாரா, ஒரு வார்த்தை இல்லை. நீ சாப்பிட்டாயா? அந்த டாக்டரம்மாவிடம் எரிந்து விழாதே, உன் வாயை எனக்குத் தெரியும்.

ஒன்று கேட்கிறேன், கோபப்படாதே. ஆகஸ்டிலிருந்து அப்பாவுக்குக் காய்ச்சல் வந்தபோதெல்லாம் பழைய மருந்துச் சீட்டைக் கடையில் காட்டி ஒரு மாத்திரை வாங்கிக் கொடுத்தாயே. "மூணே நாள்ல இறக்கிட்டேன் பாத்தியா" என்று போனில் பெருமையடித்தாயே. அதை டாக்டரிடம் சொன்னாயா? எனக்கு மருத்துவம் தெரியாதுடா. ஆனால் அடுப்பில் பால் பொங்கி வழிந்தது தெரியாமல் அதையே நினைத்துக்கொண்டு நின்றேன்.

லீவு கேட்டிருக்கிறேன். வரட்டுமா வேண்டாமா, சட்டென்று சொல்.

உன் அக்கா


நவம்பர் 6, காலை 10.25

அக்கா,

2,060. இறங்கவில்லை, ஏறியிருக்கிறது. சிறுநீரும் குறைந்துவிட்டது.

உனக்குக் காட்டமாக ஒரு பதில் எழுதி அழித்தேன். மாத்திரை பற்றி டாக்டரிடம் நான் சொல்லவில்லை. சேர்த்த அன்றே அவர் கேட்டார், "கடைசி மூணு மாசத்துல ஆன்டிபயாடிக் ஏதாவது குடுத்தீங்களா?" இல்லை என்றேன். பக்கத்தில் என் வயசில் இரண்டு பயிற்சி டாக்டர்கள் நின்றார்கள். அவர்கள் முன்னால், சொந்தமாக வைத்தியம் பார்த்தவன் என்று நிற்க எனக்கு மனசு வரவில்லை. அவ்வளவுதான் காரணம். வேறு பெரிதாக ஒன்றுமில்லை.

சீட்டில் ஏழு நாள் என்று போட்டிருந்தது. மூன்று தடவையும் மூன்று நாளில் நிறுத்தினேன். தெர்மாமீட்டர் 98.6 காட்டியது, நிறுத்தினேன். முள் சரியான இடத்துக்கு வந்தால் வேலை முடிந்தது என்பதுதான் என் பிழைப்பு. சாகாமல் மிஞ்சிய கிருமிகளுக்கு, அந்த மருந்தைத் தாங்கிப் பழக, நான் மூன்று முறை ஒத்திகை நடத்தியிருக்கிறேன். இப்போது ஏறும் ஊசியும் அந்த மாத்திரையின் குடும்பம்தானாம். காலையில் நர்ஸிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். என் 'இல்லை'யை நம்பித்தான் டாக்டர் அதைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். இரண்டு நாள் வீண்.

சோதனை முடிவு நாளைக்குத்தான். அதுவரை அவர் ஊகித்துத்தான் மருந்து கொடுக்க வேண்டும். அந்த ஊகத்தைக் கெடுத்தது நான். 10.45க்கு வார்டுக்கு வருவார். இருபது நிமிடம் இருக்கிறது. செய்யப் போவதை வரிசையாக எழுதிவைக்கிறேன், தட்டச்சுப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

1. வேறு யார் கட்டிலுக்கும் போவதற்கு முன் வாசலிலேயே அவரை மறிப்பது.

2. மாத்திரைப் பெயர், மூன்று தேதிகள், எத்தனை நாள் என்று எழுதிய தாளைக் கொடுப்பது. "அன்னைக்கு இல்லைன்னு சொன்னது பொய்" என்பதை வாயைத் திறந்து சொல்வது, பயிற்சி டாக்டர்கள் நின்றாலும்.

3. திட்டினால் வாங்கிக்கொள்வது. விளக்கம் சொல்லாமல் இருப்பது.

4. காலையிலிருந்து அப்பாவுக்கு நினைவு தடுமாறுகிறது. என்னை நீ என்று நினைத்து "எப்பம்மா வந்தே?" என்கிறார். இதுவரை திருத்திக்கொண்டிருந்தேன். இனி "இப்பத்தான்ப்பா" என்று சொல்வது. நீ கிளம்பிவிடு.