கெட்டுப்போகாத ஏசி

இன்று மத்தியானம் உன் காரில் ஏசி வேலை செய்தது. தெப்ராவில் பட்டறை வாசலிலேயே, ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்திருந்தேன். குளிர்காற்றோடு, நீ டேஷ்போர்டில் ஒட்டிவைத்த பிள்ளையாரின் சந்தன வாசனையும் வந்தது. அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. நீ போனதிலிருந்து எனக்கு எதுவுமே உறைப்பதில்லை. சில்லென்று இருந்தது, அவ்வளவுதான்.

மாசாயிலிருந்து பாசிர் கூடாங் தொழிற்சாலைக்குத் தினமும் நாம் இந்தக் காரில்தானே போனோம். கடைசி ஒரு வருடமாக ஏசி கிடையாது. பொத்தானை அழுத்தினால் வெந்நீர் ஆவி மாதிரி காற்று வரும். கண்ணாடியை இறக்கினால் லாரிப் புகை. நான் ஏறி உட்கார்ந்ததும் ஆரம்பித்துவிடுவேன். மகா கஞ்சன், பிசினாறி, செத்தால் காரையும் கூடவே கொண்டுபோவாயா என்று வாய்க்கு வந்ததெல்லாம் சொல்வேன். நீ ஸ்டியரிங்கைத் தட்டிக்கொண்டு சிரிப்பாய். “வேர்க்காம இருக்க நீ என்ன மந்திரியா? காத்து சும்மாதான வருது, வாங்கிக்க லா.” பட்டறைக்குப் போகலாம் என்றால் அடுத்த வாரம் என்பாய். அந்த அடுத்த வாரம் வரவே இல்லை.

நீ இளைத்துக்கொண்டே போனாய். இனிப்பு நீர், சர்க்கரை வியாதிதான் என்று சொன்னாய், நம்பினேன். நம் ஆட்களில் யாருக்குத்தான் இல்லை? ஒருநாள் கேண்டீனில் ஐஸ் மைலோ தம்ளரைத் தொட்டதும் விரல்களைச் சட்டென்று இழுத்துக்கொண்டாய். அன்று அந்த வெக்கையிலும் உனக்கு உடம்பு நடுங்கியது. உடம்புக்குள் காற்று புகுந்துவிட்டது, மாசோக் ஆங்கின்தான் என்று பெரிய வைத்தியன் போலச் சொல்லி, உன் கழுத்தில் தைலத்தைத் தேய்த்துவிட்டேன். நீயும் நல்லபிள்ளையாகக் கழுத்தைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாய்.

உன் மனைவி பிள்ளைகளோடு தங்காக்கில் அம்மா வீட்டுக்குப் போக வேண்டுமாம். அந்தத் தூரத்துக்கு ஏசி இல்லாமல் முடியாது, பார்த்துக்கொடுங்கள் அண்ணே என்றாள். அதனால்தான் பட்டறைக்குப் போனேன்.

காஸ் தீர்ந்திருக்கும், நிரப்பினால் போதும் என்றேன். ஏசி குளிரவில்லை என்றால் நாம் எல்லோரும் சொல்வது அதைத்தானே. பட்டறை முதலாளியான சீனத் தவுக்கே மீட்டரை மாட்டிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். காஸ் நிறைய இருந்தது. பொத்தானை அழுத்தச் சொல்லி, காதைச் சாய்த்துக் கேட்டார். கம்ப்ரசர் பிடிக்கும்போது வரும் ‘டக்’ சத்தம் வரவில்லை. பேட்டரியிலிருந்து நேராக ஒரு ஒயரைக் கொடுத்தார். கம்ப்ரசர் பிடித்துக்கொண்டு ஜோராகச் சுற்றியது. அப்படியானால் கரண்ட்தான் போய்ச்சேரவில்லை என்று பானெட்டுக்குள் இருந்த பியூஸ் பெட்டியைத் திறந்தார். கம்ப்ரசருக்குக் கரண்ட் அனுப்பும் ரிலே இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. கருகவில்லை, உருகவில்லை. யாரோ கையால் கழற்றியிருக்கிறார்கள் என்றார். புது ரிலேயைச் செருகினார், குளிர் வந்தது.

உன் காரின் பானெட்டை உன்னைத் தவிர யாரும் திறந்ததில்லை. ஐஸ் தம்ளரைத் தொட முடியாத விரல்கள் அப்போதுதான் நினைவுக்கு வந்தன. புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுப்பவர்களில் சிலருக்குக் குளிர் ஊசியாகக் குத்தும் என்று உன் சாவு வீட்டில் யாரோ சொன்னார்கள். ஏசியை நீ போடாமல் விட்டால் போதாது, பக்கத்தில் இருக்கும் நான் போட்டுவிடுவேன். அதனால்தான் கழற்றினாய். அப்படியென்றால் நோய் இருப்பது ஒரு வருடமாகவே உனக்குத் தெரியும். கடைசி மாதத்தில்தான் தெரிந்தது என்று ஊருக்கெல்லாம் சொன்னாயே. உன் மனைவியும் அதையே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். உண்மை தெரிந்தால் அவள் எப்படித் தாங்குவாள்? வழியெல்லாம் பொய்யைத் தயார் செய்துகொண்டு வந்தேன்.

சாயங்காலம் சாவியை அவள் கையில் கொடுத்தேன். என்ன கோளாறு என்று கேட்டாள். ஒரு சின்ன சாமான் தானாகவே கெட்டுப்போயிருந்தது, வேறொன்றுமில்லை, நீ கவலைப்படாதேம்மா என்று மெதுவாக, இதமாகச் சொன்னேன்.

அவள் இல்லையென்று தலையாட்டினாள்.

“இந்தக் கொரலுக்குத்தான் அவரு பயந்தாரு அண்ணே.”

எனக்கு ஒன்றும் புரியவில்லை.

“அவருதான் எதையோ கழட்டுனாரு. எதைன்னு எனக்குத் தெரியல, அதான் ஒங்களப் பாக்கச் சொன்னேன். நோயப் பத்தி மொதல்லேருந்தே எனக்குத் தெரியும். வெளியில, முக்கியமா ஒங்ககிட்ட, சொல்லக்கூடாதுன்னுட்டாரு. ‘வீட்டுல எல்லாரும் என்கிட்ட மெதுவா பேச ஆரம்பிச்சிட்டீங்க, அவன் ஒருத்தன்தான் இன்னும் திட்டுறான், அதையும் கெடுத்துராத’ன்னாரு.”

சாவியோடு உள்ளே போய்விட்டாள். நான் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பக்கத்து வீட்டுக்காரர் மோட்டார் சைக்கிளைக் கழுவிக்கொண்டிருந்தார். தண்ணீர் என் செருப்புவரை வந்தது. நகரத் தோன்றவில்லை.

நீ போனதிலிருந்து தொழிற்சாலையில் எல்லோரும் என்னிடம் மெதுவாகத்தான் பேசுகிறார்கள், சூப்பர்வைசர் உட்பட. தப்பாக வேலை செய்தாலும் பரவாயில்லை என்கிறார்கள். நீ எதற்குப் பயந்தாய் என்று இப்போது தெரிகிறது. உன்னைத் திட்ட என் வாயில் இன்னும் எவ்வளவோ மிச்சம் இருக்கிறதுடா. நாளைக் காலையிலும் இருக்கும்.