டீச்சருக்குத் திருத்தம் சொன்னவனுக்கு

எவாரிஸ்தோ,

பீன்ஸ் அடுப்பின் மேல் இருக்கிறது. தோர்த்தியா ரொட்டியை நீயே சுட்டுக்கொள். நாலு மணிக்கு நம் யாரேலியின் பெர்கின்ஸ் டீச்சர் வருகிறார். டெக்சாஸ் வெயிலில் வருகிறவருக்குக் குடிக்க ஏதாவது கொடு, முறைக்காதே.

நேற்றுக் கூட்டத்தில் ஊரே பார்க்க நாம் எதிரெதிராக நின்றோம். பள்ளியில் கொடிக்கு முன் சொல்லும் உறுதிமொழியைப் பிள்ளைகள் ஸ்பானிஷிலும் சொல்லட்டும் என்றேன் நான். "ஸ்பானிஷ் பேசினேன்னு என்னைச் சின்ன வயசுல தனியா நிக்க வெச்சாங்க. இப்ப என் மகளும் தனியா நிக்கணுமா?" என்றாய் நீ. காரில் வரும் வழியெல்லாம் அதையேதான் நினைத்துக்கொண்டு வந்தேன், உன்மேல் கோபம் இல்லை.

ஆனால் டீச்சர் ஸ்பானிஷில் எழுதி வந்த மொழிபெயர்ப்பைப் பார்த்ததும் உனக்குப் பொறுக்கவில்லையே! "பிரிக்க முடியாத நாடுன்னு இருக்கணும். கண்ணுக்குத் தெரியாத நாடுன்னு போட்டிருக்கீங்க! நான் எதிர்க்கிறதுக்காவது ஒழுங்கா எழுதித் தாங்கம்மா!" மண்டபமே சிரித்தது. நீயும் சிரித்தாய். உன்னை அப்படிப் பார்த்து எத்தனை நாளாயிற்று!

சற்றுமுன் டீச்சர் ஃபோன் செய்தார். "மீதியையும் உங்க வீட்டுக்காரரே திருத்தித் தருவாரா?" என்றார். உன்னைக் கேட்காமலே சரி என்றுவிட்டேன்.

நீலச் சட்டையைப் போட்டுக்கொள். யாரேலி பள்ளி விட்டு வந்ததும் பக்கத்தில் உட்கார வை. அப்பா டீச்சருக்குப் பாடம் எடுப்பதை அவள் பார்க்கட்டும்.

ஒபேலியா

பி.கு.: செவ்வாய்க்கிழமை வாக்கெடுப்பு. உனக்கு எதிராகத்தான் கை தூக்குவேன். இந்த முறை என் பக்கத்திலேயே உட்கார்.